மதிலோடு பிறந்த இரட்டை

தேய்பிறை அஷ்டமி அன்று அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில் நிற்க இடமிருக்காது. பூசணி விளக்கு ஏற்ற வருகிறவர்களிடம் அதியமான் பெயரைச் சொன்னால் ஔவையும் நெல்லிக்கனியும் நினைவுக்கு வரும். ஊர்ப் பெயரில் உள்ள கோட்டை நினைவுக்கு வந்தால் மதில் வரும். அகழி யாருக்கும் வராது. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது, ஏனென்றால் மதிலைப் பெற்றதே அகழிதான்.

குன்றில்லாத இடத்தில் மண்மதில் எழுப்ப மண் வேண்டும். தொலைவிலிருந்து சுமப்பானேன்? மதில் வரும் இடத்துக்கு வெளியிலேயே வெட்டினார்கள். ஓர் ஆள் ஆழம் வெட்டி உட்புறம் ஓர் ஆள் உயரம் கொட்டினால், பள்ளத்தில் இறங்கிய பகைவனுக்கு எதிரே இரண்டு ஆள் உயரம். ஒரே மண்வெட்டியில் இரண்டு அரண்!

அகழ்ந்ததால் அகழி. அதன் பழம்பெயர் கிடங்கு. இன்று அந்தச் சொல்லில் நெல் மூட்டை அடுக்குகிறோம். இங்கிலாந்தில் பெயர் வேறு வழியாக வந்தது. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் அங்கே பண்ணை வீட்டைச் சுற்றி நீர்ப்பள்ளம் வெட்டுவது செல்வர்களின் வழக்கம். பெருமைக்கும் ஆயிற்று, மீன் வளர்க்கவும் ஆயிற்று. அதை அவர்கள் 'மோட்' என்றார்கள். பழைய பிரெஞ்சில் அச்சொல்லுக்கு மண்மேடு என்று பொருள். மேட்டின் பெயர் சரிந்து பள்ளத்தில் விழுந்துவிட்டது.

நம் பக்கம் அது உயிர்ப் பிரச்சினை. அகழிக்குள் நடக்கும் போருக்கென்றே புறப்பொருள் வெண்பாமாலை 'பாசிநிலை' என்று துறை வகுத்திருக்கிறது. கல்லெறிந்தால் விலகி மறுபடி கூடும் பாசியைப் போல இரு படையும் நீரில் மோதுவதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. சேர அரசன் பெருஞ்சேரல் இரும்பொறை அதியமானின் தகடூரை முற்றி வென்ற கதையைப் பாடிய 'தகடூர் யாத்திரை' முழுதாகக் கிடைத்திருந்தால், நம் அகழிகளைப் பற்றி இன்னும் எவ்வளவு தெரிந்திருக்கும்!

அதியமான்கோட்டை இருக்கும் அதே தருமபுரி மாவட்டத்தில், கல்யாணராமர் கோயிலை உள்ளே வைத்திருக்கும் தென்கரைக்கோட்டை நாயக்கர் காலத்தது. அதற்குள் பீரங்கி வந்துவிட்டது. அப்போதும் தரைக்கோட்டைக்காரர்கள் அகழியை விடவில்லை.

கோட்டை கைவிடப்பட்டால் மதில் கல் வீட்டுச் சுவருக்குப் போகும், மண்மதிலை மழை கரைக்கும். பள்ளத்தை யாரும் தூக்கிப் போக முடியாது. கரைந்த மதிலும் அதற்குள்தான் திரும்ப வந்து படியும், உடைந்த பானையையும் எலும்பையும் மூடிக்கொண்டு. அகழாய்வு செய்கிறவர் அங்கே குழி போடும்போது, முதலில் வெட்டியவன் எடுத்த அதே மண்ணைத்தான் மறுபடி எடுக்கிறார்.