பூன் லேயில் ஒரு போர்க்களம்

போர்க்களம் என்றவுடன் கோட்டையும் கொத்தளமும் பீரங்கியுமே நம்மவர் மனத்தில் தோன்றும். பூன் லேயில் அவற்றுள் ஒன்றும் இல்லை. இன்று அங்கே காண்பவை அடுக்குமாடி வீடுகளும், 1990ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ரெயில் நிலையமும், கடைத்தொகுதியுமே. ஆயினும் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரின் விதியை நிர்ணயித்த இடங்களுள் இச்சுற்றுப்புறமும் ஒன்றென்பதை வாசகர்கள் அறிதல் வேண்டும்.

கூடாரமும் சமையற் சட்டியும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஜோகூரிலிருந்து புறப்பட்ட நாம், கோத்தா திங்கியருகே ஓரிரவு தங்கி, மறுநாள் கடற்பாலங் கடந்து இங்கு வந்தோம். அப்பாலத்தைப் பின்வாங்கிய பிரிட்டிஷார் 1942 ஜனவரி 31ஆம் நாள் வெடிவைத்துப் பிளந்தனர். அதனால் கிடைத்த அவகாசம் எட்டே நாள். பிப்ரவரி 8ஆம் நாள் இரவு ஜப்பானியர் படகேறி வடமேற்குக் கரையில் இறங்கிவிட்டனர்.

பூன் லே என்பது சியூ பூன் லே என்னும் சீன வணிகரின் பெயர். பிஸ்கோத்துத் தொழிற்சாலை கண்ட அவர், ஜூரோங் வட்டாரத்தில் ரப்பர் நிலங்களும் வைத்திருந்தார். ஆகவே யுத்தம் நடந்ததும் நமக்குப் பழக்கமான ரப்பர்க் காட்டிலேதான்.

கிராஞ்சி ஆற்றின் தலைப்புக்கும் ஜூரோங் ஆற்றின் தலைப்புக்கும் இடைப்பட்ட குறுகிய நிலமே தீவின் மேற்கு வாயிலுக்குத் தாழ்ப்பாள். அதன் தென்புறத்தில் நின்றது 44ஆவது இந்தியப் படைப்பிரிவு. ஜனவரிக் கடைசியிலேதான் கப்பலிலிருந்து இறங்கிய, பயிற்சி நிரம்பாத பஞ்சாப் பட்டாளத்து இளைஞர்கள் அவர்கள். பிப்ரவரி 9ஆம் நாள் நள்ளிரவு கடந்தபின், தளபதி பெர்சிவல் ஓர் இரகசியக் குறிப்பு அனுப்பினார்: இவ்வரண் வீழுமாயின் நகரைச் சுற்றி இன்னின்ன இடங்களில் நிற்பது என்பது அதன் கருத்து. ஆஸ்திரேலியப் படைத்தலைவர் டெய்லர் அதனை உடனே செய்யவேண்டிய உத்தரவாகவே கொண்டு தம் படையை நகர்த்தினார். பக்கத்துப் படைகளும் ஒன்றன்பின் ஒன்றாக நகர, 10ஆம் நாள் மாலைக்குள் அரண் கைநழுவிற்று. 'வீழுமாயின்' என்னும் ஒரு சொல்லின் நிறை எத்தகையதென்று கிராணி வேலை பார்ப்போருக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. 15ஆம் நாள் புக்கிட் தீமா ஃபோர்டு மோட்டார்த் தொழிற்சாலையில் சரணாகதி கையெழுத்தாயிற்று.

இரண்டு நாள் கழித்து, நம் சிராங்கூன் சாலைக்கு அண்மையிலுள்ள ஃபேரர் பார்க் திடலில் ஏறத்தாழ 45,000 இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். இந்திய தேசிய இராணுவத்தின் கதை அங்கேதான் தொடங்கிற்று. அது தனிக் கட்டுரைக்குரியது.

கிராஞ்சி நினைவிடத்திற்கும் சென்றோம். கல்லறையற்ற 24,000 பேருக்கு மேற்பட்டோரின் பெயர்கள் அங்கே கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. தங்கள் சமய முறைப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்கு, பெரும்பாலும் இந்தியப் படையினருக்கு, தனி நினைவுச்சின்னமும் உண்டு. எவ்வளவு கவனமான பெயரேடு! அதே யுத்தத்தில் சியாம் ரெயில் பாதை போட நம் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழருக்கு இத்தகைய ஏடு எங்கே? அப்பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளர் 90,000 பேர் வரை என மதிப்பிடுவர். மதிப்பீடுதான், பட்டியல் இல்லை. அங்கே மடிந்த 12,000க்கு மேற்பட்ட வெள்ளையர் கைதிகளுக்கோ கல்லும் பெயரும் உண்டு. நாளும் பெரட்டுக்கு ஆளை நிறுத்திப் பெயர் கூப்பிட்ட தோட்டங்களிலேயே இவர்கள் பெயரில்லாமற் போயினர்.

1942, 1943ஆம் ஆண்டுகளின் பழைய செக்ரோல் புத்தகம் எந்த ஆபீசு அலமாரியிலேனும் கிடப்பின், அதனைக் கறையானுக்கு விடாமல், 'சியாம்' என்று குறித்த பெயர்களை மட்டுமேனும் பிரதி செய்து வைக்குமாறு கிராணிமார்களை வேண்டுகிறோம்.