தாயும் தராசும்

மாணவ நண்பர்களே,

மன்னர்களின் போர்களையும் ஆட்சி மாற்றங்களையும் வரலாறாகப் படித்து வருகிறீர்கள். குழந்தையை நிறுக்கும் எளிய தராசுக்கும் நம் நாட்டில் ஒரு வரலாறு உண்டு. அதனை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்து, வ. புதுப்பட்டி என்னும் ஊர் உள்ளது. இத்தகைய ஊர்களில் நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் தாய் காலையிலேயே வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும். இராசபாளையத்து நூற்பாலைக்குச் செல்லும் தாயின் நிலையும் அதுவே. கைக்குழந்தை பாட்டியின் மடியிலோ மூத்த பிள்ளையின் இடுப்பிலோ வளர்கிறது. அவ்வீட்டில் அன்புக்குப் பஞ்சமில்லை. ஓய்வும் தக்க அறிவுரையுமே அரியவை.

"பிள்ளை வளர்ப்பு வீட்டுக் காரியமன்றோ? அரசாங்கத்துக்கு அங்கே என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். விடையை வரலாறே தருகிறது.

விருதுநகரில் பிறந்த காமராசரின் ஆட்சியில், 1956இல், பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. 1975 அக்டோபர் 2இல் நாடெங்கும் 33 வட்டாரங்களில் அங்கன்வாடித் திட்டம் உதயமாயிற்று. 1982இல் எம். ஜி. ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கினார். இவை பெரும்பணிகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் தானே நடந்துவந்து பந்தியில் அமர இயலாத பச்சிளங்குழந்தைக்கு உணவு தாயின் கையால்தான் கிடைக்க வேண்டும். ஆகவே குழந்தைக்கு உதவ வேண்டுமாயின் முதலில் தாய்க்கு உதவ வேண்டும்.

இவ்வுண்மையை உணர்ந்து எழுந்ததே தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். உலக வங்கியின் கடனுதவியுடன், 1980இல் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் அது சோதனையாகத் தொடங்கியது. பின்னர் சுமார் 9,000 ஊட்டச்சத்து மையங்களாகப் பெருகியது.

ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடையை ஓர் அட்டையில் கோடாக வரைந்தனர். கோடு மேலேறினால் தாய் மகிழ்ந்தாள்; தளர்ந்தால் காரணம் ஆராயப்பட்டது. தளர்ந்த குழந்தைக்கு மட்டும் 90 நாள் துணையுணவு அளித்தனர். எல்லாருக்கும் என்றென்றும் வழங்காமையால் செலவு கட்டுக்குள் நின்றது.

பணியாளரைத் தேர்ந்த முறை இன்னும் வியப்புக்குரியது. அவ்வூர்ப் பெண்ணாக இருத்தல் வேண்டும். ஏழையாயினும் தன் பிள்ளையை நன்கு வளர்த்தவளாக இருப்பின் சிறப்பு. "மதினி, இம்மாதம் பிள்ளைக்கு எடை கூடவில்லையே, கஞ்சியோடு பருப்பும் மசித்துக் கொடுங்கள்" என்று அத்தகையவள் சொல்லும்போது, அச்சொல்லில் அதிகாரத்தின் மிடுக்கு இராது, பட்டறிந்தவளின் பரிவு இருக்கும்.

திட்டப் பகுதிகளில் கடுமையான ஊட்டக்குறைவு குறைந்தது. அதில் எவ்வளவு பங்கு திட்டத்தினுடையது என்பதில் ஆய்வாளர்கள் வேறுபடுகின்றனர். 1990இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் பணியாளரிடம் மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் ஒப்படைக்கப்பட்டனர். ஒரே கை பல வேலைகளைச் சுமக்கும்போது, வீடு தேடிச் சென்று தாயிடம் பேசும் வேலையே முதலில் நழுவுகிறது. திட்டத்தை விரிப்பவர் மறக்கலாகாத எச்சரிக்கை இது.

சோறு ஊட்டுவதோடு வளர்ப்பு முடிவதில்லை. 1980களில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில், சுகாதாரத் துணைப்பணியாளர்கள் வாரம் ஒருமுறை ஏழை வீடுகளுக்குச் சென்று, குழந்தையோடு பேசவும் விளையாடவும் தாய்மாருக்குக் கற்பித்தனர். இரண்டாண்டுகள் அவ்வுதவி பெற்ற குழந்தைகள் 22 வயதில் பிறரைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு மிகுதியாக ஊதியம் ஈட்டியதாக ஆய்வு காட்டிற்று.

மாணவ நண்பர்களே, நாளை உங்களுள் சிலர் திட்டங்களை வகுக்கும் பொறுப்பை ஏற்பீர்கள். அன்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: அறிவுரை சொல்பவர் தாயின் நம்பிக்கைக்கு உரியவரா? அவர் ஒருவரே எத்தனை வீடுகளைச் சுமக்கிறார்? வயலிலிருந்து களைத்துத் திரும்பும் தாய்க்கு அவ்வுதவி எட்டுகிறதா? இம்மூன்றுக்கும் நேர்மையாக விடை கூறும் திட்டமே கடைக்கோடிக் குடிசையையும் சென்று சேரும்.