நீலப் பொத்தானும் சோளக்காட்டுச் சந்தையும்

கொஞ்சம் நீளமான பதிவு. மழை பெய்து கரண்ட் இல்லாத சாயங்காலம், எழுத உட்கார்ந்துவிட்டேன்.

போன வாரம் பெங்களூரிலிருந்து ஒரு மாணவன் போன் செய்தான். எட்டாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவன். இப்போது ஒரு கம்பெனியில் செல்போன் செயலிகளுக்குத் திரை வடிவமைக்கிறானாம். எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், என்ன நிறம், விரல் பட்டால் என்ன நடக்கும் என்று யோசிப்பதுதான் வேலை. "யூஐ டிசைன்னு பேரு சார். புதுத் துறை. உங்க காலத்துல இதெல்லாம் கிடையாது" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் காலத்தில் அது இருந்தது. பெயர்தான் தெரியாது. நான் அதில் ஒரு பரீட்சையில் தோற்றும் போயிருக்கிறேன், இதே சோளக்காட்டுச் சந்தையில்.

2001 சட்டமன்றத் தேர்தல். தமிழ்நாடு முழுக்க முதல் தடவையாக ஓட்டு மிஷின். தேர்தலுக்கு முன்னால், ஜனங்களுக்குக் காட்டிப் பழக்குவதற்காக ஒரு மிஷினை மலைக்குக் கொண்டுவந்தார்கள். சந்தை நாள். அன்னாசியும் பலாவும் மிளகும் குவிந்து கிடக்கிற இடத்தில் ஒரு மேசை போட்டு மிஷினை வைத்தாயிற்று. "வாத்தியார் சொன்னா கேப்பாங்க" என்று என்னை நிற்க வைத்தார்கள். நானும் சத்தமாக, "ஓட்டுப் போடறது ரொம்பச் சுலபம். உங்களுக்குப் பிடிச்ச சின்னத்தை அமுக்குங்க, அவ்வளவுதான்" என்றேன்.

மிளகு விற்க வந்த ஒரு ஆயா முதலில் வந்தார். விரலால் ஒரு சின்னத்தின் படத்தின் மேலேயே அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் பலமாக அழுத்தினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "ஆயா, அங்க இல்ல, பக்கத்துல இருக்கற நீலப் பொத்தான்" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ சின்னத்தத்தான அமுக்கச் சொன்ன வாத்தியாரே?" என்று கேட்டார்.

தப்பு ஆயாவுடையது அல்ல, என்னுடையது. அடுத்த ஆளிலிருந்து, "சின்னத்தைப் பாருங்க, அதுக்கு நேரா நீலப் பொத்தானை அமுக்குங்க, லைட் எரியும், பீப்னு சத்தம் வரும்" என்று மாற்றிக்கொண்டேன். அதன்பிறகு யாரும் தடுமாறவில்லை. என் மாணவன் இதைத்தான் 'யூசர் டெஸ்டிங்' என்கிறான்.

இந்த மிஷின் எப்படி இந்த வடிவத்துக்கு வந்தது என்பதைச் சொல்ல 1951க்குப் போக வேண்டும். அந்த முதல் பொதுத் தேர்தலில் வாக்காளர்கள் 17 கோடிக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். அவரும் கணக்கில் பட்டம் பெற்றவர் என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை. பெயரைப் படிக்க முடியாதவரும் ஆளை அடையாளம் காண வேண்டுமே! அதற்குத்தான் சின்னம். அதுவும் போதாது என்று வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிமேல் அவர் சின்னம். சீட்டில் எதையும் எழுத வேண்டாம், பிடித்த பெட்டியில் போட்டால் போதும். சுமார் 20 லட்சம் இரும்புப் பெட்டிகள் செய்தார்கள். தேர்தல் நடத்த வேண்டியவர்கள், பாமரனுக்கு எது முடியும் என்பதிலிருந்து யோசனையைத் தொடங்கினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

பெட்டிகளைச் சுமந்து முடியவில்லை. 1960களின் தொடக்கத்தில் எல்லாச் சின்னமும் ஒரே சீட்டில் வந்தது, முத்திரை குத்தும் முறை வந்தது. அந்த ரப்பர் முத்திரையை 'ஸ்வஸ்திக் முத்திரை' என்போம். அம்புகள் ஒரே பக்கமாகச் சுழல்வதுபோல இருக்கும். சும்மா ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கலாமே என்று நான் நினைத்ததுண்டு. காரணம் இதுதான்: மை காயாமல் சீட்டை மடித்தால் எதிர்ப்பக்கத்து வேட்பாளர் மேலும் மை ஒட்டும். பெருக்கல் குறியாக இருந்தால் எது குத்தியது, எது ஒட்டியது என்று தெரியாது. சுழலும் அம்பு கண்ணாடியில் தெரிவதுபோல எதிர்ப்பக்கம் திரும்பிவிடும், எண்ணுகிறவர் கண்டுபிடித்துவிடலாம். எதிரொளிப்புப் பாடம் நடத்தும்போது இதைப் பலகையில் வரைந்து காட்டியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். எவ்வளவு சின்னக் கருவி, எவ்வளவு பெரிய யோசனை!

ஆனாலும் செல்லாத ஓட்டுகள் வந்துகொண்டேதான் இருந்தன. இரண்டு சின்னத்துக்கு நடுவில் குத்தியது, இரண்டு பேருக்கும் குத்தியது, கட்டைவிரலில் மையைத் தொட்டு வைத்தது. 1996ல் நாம் இன்னும் சேலம் மாவட்டத்தில் இருந்தோம். நாடாளுமன்றத்துக்கு வெள்ளைச் சீட்டு, சட்டமன்றத்துக்கு இளஞ்சிவப்புச் சீட்டு என்று இரண்டு தேர்தலும் ஒன்றாக நடந்தன. எண்ணும் மேசையில் விடிய விடிய உட்கார்ந்தேன். செல்லாத சீட்டு ஒவ்வொன்றும் கைக்கு வரும்போது மனசு சங்கடப்படும். ஏதோ ஒரு மலைக்காரரோ வயல்காரரோ கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்று குத்திய சீட்டு. அவர் என்ன சொல்ல வந்தார் என்று நமக்குத் தெரிந்தும் எண்ண முடியாது.

அதே ஆண்டு காவிரிக்கு அந்தப் பக்கம் மொடக்குறிச்சியில் 1,033 பேர் வேட்பாளர்களாக நின்றார்கள். விவசாயிகளின் எதிர்ப்பு அது. ஓட்டுச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகுதான் டெபாசிட் தொகை சட்டமன்றத்துக்கு 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது.

இத்தனைக்கும் மிஷின் எப்போதோ தயாராகியிருந்தது. ஐதராபாத் ஈ.சி.ஐ.எல். நிறுவனம் 1979ல் மாதிரி செய்தது. 1980ல் கட்சிகளுக்குக் காட்டினார்கள். பிறகு பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் சேர்ந்தது. அங்கே பொறியாளராக இருந்து இந்த மிஷினை உருவாக்குவதில் முக்கியப் பங்கு வகித்த எஸ். ரங்கராஜனை உங்கள் எல்லோருக்கும் தெரியும், எழுத்தாளர் சுஜாதா. நூலகத்திலிருந்து அவர் நாவல்களை நான் பூட்டி வைத்தும் எடுத்துப்போய்ப் படித்தவர்கள்தானே நீங்கள்!

1982 மே மாதம் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாக மிஷின் வைத்தார்கள். சிவன் பிள்ளை 123 ஓட்டில் ஜெயித்தார். தோற்ற ஏ.சி. ஜோஸ் வழக்குப் போட்டார். சட்டத்தில் ஓட்டுச்சீட்டு, பெட்டி என்றுதான் இருக்கிறது, மிஷினுக்கு இடமில்லை என்று 1984ல் உச்ச நீதிமன்றம் அந்த 50 சாவடிகளிலும் சீட்டில் மறுவாக்குப் பதிவு நடத்தச் சொன்னது. இந்தத் தடவை ஜோஸ் ஜெயித்தார். சட்டத்தைத் திருத்த 1989 ஆனது. அப்புறமும் மிஷின்கள் பல வருஷம் கிடந்து, 1998 நவம்பரில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், டெல்லியில் 16 தொகுதிகளில் சோதித்துப் பார்த்த பிறகுதான் நம்மிடம் வந்தன.

மிஷினின் வெளி வடிவத்தை அமைத்தவர்கள் மும்பை ஐ.ஐ.டி.யின் தொழில் வடிவமைப்பு மையப் பேராசிரியர்கள் ஏ.ஜி. ராவ், ரவி பூவையா. மாணவன் கேட்ட கேள்விக்கு என் பதில் இவர்கள்தான். மைக்ரோபிராசசர் அன்றைக்குப் புதுச்சரக்கு. புதிதாக ஒன்று கையில் கிடைத்தால் எல்லாவற்றையும் புதிதாக்கத்தான் கை பரபரக்கும். இந்த மிஷினில் ஓட்டுப் போடுகிறவர் பார்ப்பது என்ன? பழைய ஓட்டுச்சீட்டேதான். அதே காகிதம், அதே வரிசை, அதே சின்னம், ஒரு கண்ணாடி மூடிக்குக் கீழே. மாறியது ஒன்றுதான், முத்திரைக்குப் பதில் பொத்தான். திரை கிடையாது, மெனு கிடையாது. வேட்பாளர் இல்லாத பொத்தான்களை மூடி விடுவோம். பச்சை விளக்கு எரிந்தால் தயார். அமுக்கினால் நேரே சிவப்பு விளக்கு, நீண்ட பீப். நூறு தடவை அமுக்கினாலும் ஒரே ஓட்டு. நடுவில் குத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. பேட்டரியில் ஓடும், கரண்ட் போனால் எப்போது வரும் என்று தெரியாத ஊர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! சிக்கலான வேலையெல்லாம் 5 மீட்டர் வயருக்கு இந்தப் பக்கம், எங்கள் மேசையில். பயிற்சி வகுப்பில் வியர்த்தது நாங்கள்தான்.

இதே காலத்தில் அமெரிக்காவில் என்ன நடந்தது தெரியுமா? 2000 நவம்பரில் ஃபுளோரிடாவின் பாம் பீச் பகுதியில் சீட்டை இரண்டு பக்கமாக அச்சடித்து, துளைகளை நடுவில் வைத்தார்கள். எழுத்து பெரிதாக இருந்தால் வயதானவர்களுக்கு வசதி என்ற நல்ல எண்ணம்தான். எந்தத் துளை யாருக்கு என்று குழம்பி ஆயிரக்கணக்கானவர்கள் தப்பாகக் குத்தினார்கள். ஃபுளோரிடாவில் முடிவு 537 ஓட்டில் தீர்மானமானது, ஜனாதிபதி பதவியே அதில்தான் முடிந்தது. படித்தவர்கள் நிறைந்த ஊர். ஆறு மாதம் கழித்து நம் ஆயா நீலப் பொத்தானை அமுக்கிவிட்டுப் போனார்.

மிஷினைப் பற்றி நான் புகழ் மட்டும் பாடக் கூடாது. சந்தையில் அன்றைக்கே ஒரு பெரியவர், "நான் அமுக்குனது உள்ள போயி அவருக்குத்தான் சேந்துச்சுன்னு எப்பிடி நம்பறது?" என்று கேட்டார். "கவர்ன்மென்ட் மிஷினுங்க" என்றேன். அது பதில் இல்லை. பெட்டியில் சீட்டு விழுவதைக் கண்ணால் பார்த்தவர் அவர். 2009ல் ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம் ஏறக்குறைய அந்தப் பெரியவர் கேட்டதைத்தான் கேட்டது: நிபுணர் அல்லாத குடிமகனும் சரிபார்க்கும்படி இருக்க வேண்டும் என்று. 2010ல் ஹரி பிரசாத், ஹால்டர்மேன், கோங்க்ரைப் ஆகியோர் ஒரு மிஷின் கைக்குக் கிடைத்தால் அதை மாற்றிவிட முடியும் என்று செய்து காட்டினார்கள். முத்திரையும் நடைமுறையும் இருக்கும்போது முடியாது என்றது ஆணையம். 2013ல் உச்ச நீதிமன்றம் காகித அத்தாட்சியைப் படிப்படியாகக் கொண்டுவரச் சொன்னது. 2019ல் நாடு முழுக்க எல்லாச் சாவடிக்கும் அது வந்தது. அமுக்கியதும் ஒரு சீட்டு 7 வினாடி கண்ணாடிக்குள் தெரிந்து, பெட்டிக்குள் விழும். என்னைக் கேட்டால் முதல் வடிவத்தின் குறையே அதுதான்: போடுவதைச் சுலபமாக்கியபோது பார்ப்பதை எடுத்துவிட்டார்கள். திரும்பக் கொடுக்க 30 வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். 2001லிருந்து எத்தனையோ பேருக்கு அந்தப் பொத்தானைக் காட்டியவன் நான். ஆனால் நான் அதை அமுக்கியதே இல்லை. தேர்தல் டூட்டிக்காரனுக்குத் தபால் ஓட்டுதானே! சொந்தத் தொகுதியில் டூட்டி போட மாட்டார்கள், கீழ்நாட்டில் எங்கேயாவது போட்டுவிடுவார்கள். 2012ல் ஓய்வு பெற்று, 2014ல்தான் சோளக்காட்டில் வரிசையில் நின்று முதல் தடவையாக அமுக்கினேன். என்னையறியாமல் விரல் முதலில் சின்னத்தின் மேல்தான் போயிற்று!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பல வீடுகளில் போன் இருக்கிறது. பென்ஷன் பணம் வந்ததா என்று பார்க்க, வயதானவர்கள் போனை யாராவது பையனிடம் நீட்டுகிறார்கள். ரகசிய எண்ணை எழுதிய துண்டுக் காகிதத்தையும் சேர்த்தே. போன மாதம் ஒரு அம்மா என்னிடமே நீட்டினார். எனக்கே அந்தச் செயலி புரியவில்லை. மூன்று திரை தாண்டி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது, பின்னால் போனால் முதலிலிருந்து ஆரம்பித்தது. அதே அம்மா ஓட்டுச்சாவடியில் மறைப்புக்குப் பின்னால் தனியாகப் போய், தன் காரியத்தைத் தானே முடித்து, யாருக்குப் போட்டேன் என்று புருஷனிடம்கூடச் சொல்லாமல் வீட்டுக்குப் போகிறவர்.

இதைப் பெங்களூர் மாணவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சார், எங்க ஆபீஸ்ல டெஸ்ட் பண்றவங்க எல்லாம் எங்க வயசுக்காரங்கதான்" என்றான். அடுத்த செயலியை எடுத்துக்கொண்டு ஒரு சந்தை நாளில் மலைக்கு வா, மேசை நான் போடுகிறேன் என்றேன். தை மாதம் வருவதாகச் சொல்லியிருக்கிறான். அந்த ஆயா இப்போது இல்லை. அவர் பேத்தி அதே இடத்தில்தான் மிளகு விற்கிறாள். அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.