பூதக் கதைக்குள் ஒரு தாயின் துக்கம்

ஃபிராங்கன்ஸ்டைன் என்றதும் நம்மில் பலருக்கும் அந்தச் சினிமா பூதம்தான் நினைவுக்கு வரும். உண்மையில் அது பூதத்தைப் படைத்த விஞ்ஞானியின் பெயர். பூதத்துக்குக் கதையில் பெயரே கிடையாது.

கதையை எழுதியவர் மேரி ஷெல்லி. 1797-இல் லண்டனில் அவர் பிறந்த 11 நாளில் தாயார் இறந்துவிட்டார். 1815 பிப்ரவரியில், 17 வயதில், மேரிக்குக் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இரண்டு வாரம்கூடத் தங்கவில்லை. சில நாள் கழித்து ஒரு கனவை நாட்குறிப்பில் எழுதினார்: குழந்தை சாகவில்லை, குளிரில் விறைத்துத்தான் கிடந்தது, கணப்பருகே வைத்துத் தேய்த்ததும் பிழைத்துக்கொண்டது. விழித்துப் பார்த்தால் குழந்தை இல்லை.

அந்தக் காலத்தில் இதை வெறும் கனவென்று தள்ளிவிடவும் முடியாது. 1803-இல் லண்டனில் ஆல்டினி என்ற இத்தாலியர், தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலில் மின்சாரம் பாய்ச்சினார். பிணத்தின் தாடை துடித்தது. ஒரு கண் திறந்தது.

1816 ஜூனில் மேரி ஜெனீவா ஏரிக்கரையில் இருந்தார். முந்தைய ஆண்டு இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததால் ஐரோப்பாவில் அவ்வருடம் கோடையே வரவில்லை. ஓயாத மழை. வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார் கவிஞர் பைரன். அப்படிப் பிறந்த நாவல் 1818 ஜனவரியில், ஆசிரியர் பெயரில்லாமல் வெளிவந்தது.

கனவில் கண்டது கதையில் நடக்கிறது. செத்த உடலுக்கு உயிர் வருகிறது. ஆனால் படைத்தவனே அதன் முகத்தைப் பார்த்ததும் அருவருத்து ஓடிவிடுகிறான். போகுமிடமெல்லாம் விரட்டப்பட்ட பிறகுதான் அது கொடூரமாகிறது. உயிர் கொடுத்தால் மட்டும் போதாது, வாரி எடுத்துக்கொள்ள ஒரு மடி வேண்டும் என்பது தாயில்லாமல் வளர்ந்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்று. பூதம் முதலில் கொல்வது வில்லியம் என்ற சிறுவனை. எழுதும்போது மேரியின் இடுப்பில் இருந்த குழந்தையின் பெயரும் வில்லியம்தான்! வாயால் சொன்னால் பலித்துவிடும் என்று நம் வீட்டுப் பெண்கள் விழுங்கிவிடும் பயம் அது. 1819-இல் ரோமில், மூன்று வயதில், அவனும் போய்விட்டான்.

1822-இல் கணவர் ஷெல்லி கடலில் மூழ்கி இறந்தார். 1826-இல் மேரியின் ‘கடைசி மனிதன்’ நாவல் வெளிவந்தது. கொள்ளைநோயில் உலகமே அழிந்து ஒருவன் மட்டும் மிஞ்சுகிற எதிர்காலக் கதை.

துக்கம் கேட்க வருகிறவர்களிடம் “எல்லாம் விதி” என்று சொல்லி முடித்துக்கொள்கிறோம். உள்ளே கிடக்கும் கோபமும் பயமும், “இன்னும் கொஞ்சம் கவனித்திருந்தால் பிழைத்திருக்குமோ” என்ற அரிப்பும் வெளியே வருவதில்லை. மேரி அவற்றையெல்லாம் ஒரு பூதத்தின் மேல் ஏற்றிச் சொல்லிவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.