72 மீட்டர் எப்படி 8 மீட்டர் ஆச்சு?

ஒரு தடவை ஆபீஸ்ல டேட்டாபேஸ்ல தப்பான கமாண்டை ஓட்டிட்டேன். யாருக்கும் தெரியறதுக்குள்ள நானே சரி பண்ணிடலாம்னு ரொம்ப நேரம் போராடினேன். பயம்தான், வேற ஒண்ணும் இல்ல. அந்தப் பயம் ஒரு ரயில்ல ஏறினா என்ன ஆகும்ங்கிறதுதான் இன்னைக்குக் கதை.

2005 ஏப்ரல் 25, காலை. ஜப்பானில் ஒசாகாவுக்குப் பக்கத்துல இதாமி ஸ்டேஷன். ஓட்டுநருக்கு 23 வயசு, ரயில் ஓட்ட ஆரம்பிச்சு 11 மாசம்தான். நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டி சுமார் 72 மீட்டர் போயிட்டார். பின்னாடி எடுத்து நிறுத்தி, ஆள் ஏத்திக் கிளம்பும்போது 1 நிமிஷம் 20 செகண்ட் போல லேட். இன்டர்காம்ல கார்டைக் கூப்பிட்டு, தூரத்தைக் கொஞ்சம் குறைச்சுச் சொல்லச் சொல்லிக் கேட்டார். கார்டும் கன்ட்ரோல் ரூமுக்கு 8 மீட்டர்னு சொன்னார்.

ஏன் இவ்வளவு பயம்? முந்தின வருஷமும் இவர் ஒரு ஸ்டேஷன்ல இப்படித் தாண்டிப் போயிருக்கார். அதுக்கு 13 நாள் 'நிக்கின் கியோய்கு'. பேரளவுல அது மறுபயிற்சி. நடைமுறையில் நாள் முழுக்க உக்காந்து மன்னிப்பு அறிக்கை எழுதணும், திட்டு வாங்கணும். சில பேரைப் புல்லு பிடுங்கவும் விட்டிருக்காங்க. ரயிலை எப்படிச் சரியா நிறுத்துறதுன்னு இதுல எங்க வருது, சொல்லுங்க!

இந்தக் கலாச்சாரம் வானத்துல இருந்து குதிக்கல. அரசு நடத்தின ஜப்பான் தேசிய ரயில்வே 1964-லிருந்து நஷ்டம். 1987-ல் அதை உடைச்சப்போ கடன் சுமார் 37 லட்சம் கோடி யென். ஊழியர் ஒழுங்கு கெட்டுப்போச்சுன்னு அதுக்கு முன்னாடியே ஊரெல்லாம் பேச்சு. அப்படிப் பிறந்த ஜே.ஆர். வெஸ்ட், அந்தப் பேரை அழிக்கணும், பக்கத்துல ஓடுற ஹன்க்யூ மாதிரி தனியார் ரயில்களையும் ஜெயிக்கணும். அதனால அட்டவணையில் இருந்த கொஞ்சநஞ்ச அவகாசத்தையும் சுரண்டிச் சுரண்டி எடுத்தாங்க.

இதாமிக்கு அப்புறம் ஒரு வளைவு. வரம்பு 70 கிலோமீட்டர். ரயில் போனது 116-ல். தடம் புரண்டு அடுக்குமாடிக் கட்டடத்துல மோதுச்சு. ஓட்டுநரையும் சேர்த்து 107 பேர் செத்துப்போனாங்க. கார்டும் கன்ட்ரோல் ரூமும் ரேடியோவில் பேசினதுல ஓட்டுநரோட கவனம் போயிருக்கலாம், அதனால பிரேக் தாமதம் ஆகியிருக்கலாம்னு 2007 விசாரணை அறிக்கை சொல்லுது. யோசிச்சுப் பாருங்க, அந்தப் பேச்சே அவரோட தப்பைப் பத்தினதுதான்.

வேகத்தைத் தானே குறைக்கிற புது ஏ.டி.எஸ். கருவி அப்போ அந்த வளைவுல வந்திருக்கல. 1996-ல் பாதையை மாத்தி வளைவை இறுக்கினதும் அதே நிறுவனம்தான். வழக்கு நடந்துச்சு, ஒரு தலைவர் 2012-ல் விடுதலை. மூணு முன்னாள் தலைவர்களோட விடுதலையை 2017-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செஞ்சது. விபத்து நடக்கும்னு அவங்களால முன்கூட்டியே கணிச்சிருக்க முடியாதாம். எனக்கு இது இன்னும் ஜீரணிக்கல. 8 மீட்டர்னு பொய் சொல்ல வெச்ச ஏற்பாட்டுக்கு யாரும் கையெழுத்து போடலன்னா, வேற யார் போட்டது?

2016-ல் அந்த நிறுவனம் விதியை மாத்துச்சு. கவனப்பிசகால நடக்குற தவறுக்கு இனி ஒழுங்கு நடவடிக்கை கிடையாது. விபத்து நடந்து 11 வருஷம் கழிச்சு.