‘நாஸ்டி’ன்னா என்ன?

வேலைக்குச் சேர்ந்த புதுசுல, நான் எழுதின கோடுக்குக் கீழே ஒரு சீனியர் ஒரே வார்த்தையில் கமென்ட் போட்டிருந்தார்: ‘நாஸ்டி’. கோடைத் திட்டுறாரா, என்னைத் திட்டுறாரா? புரியாம அன்னைக்கு ராத்திரி அகராதியைத் தேடப் போனேன்.

இந்தச் சொல் சுமார் 1400-லிருந்து ஆங்கிலத்தில் இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஆனால் முதல் அர்த்தம் தெளிவு: அழுக்கு. மூக்கைப் பொத்திக்கிட்டு தாண்டிப் போவோமே, அந்த அழுக்கு. வன்மம் பிடித்த ஆள் என்ற பொருள் வந்தது 19-ஆம் நூற்றாண்டில்தான்.

இதை மறந்துட்டு நாம தப்பா வாசிக்கிற ஒரு இடம் இருக்கு. தாமஸ் ஹாப்ஸ் எழுதி 1651-ல் வெளியான ‘லெவியதான்’, 13-ஆம் அத்தியாயம். அரசு என்று ஒன்று இல்லாவிட்டால் மனித வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதற்கு ஐந்து பெயரடைகளை அடுக்குகிறார். மூன்றாவது, நாஸ்டி. அதை நான் ரொம்ப நாள் ‘கொடூரமான’ன்னுதான் புரிஞ்சு வச்சிருந்தேன். ஆனா மிருகத்தனம்னு அடுத்த சொல்லே வருதே! ஒண்ணையே எதுக்கு ரெண்டு தடவை சொல்லணும்? தொழில் இருக்காது, விவசாயம் இருக்காது, நல்ல கட்டடம் இருக்காது என்றும் அதே பத்தியில் எழுதுகிறார். அதாவது வெட்டிக்கிட்டுச் சாகிறது ஒரு பக்கம், சாகிற வரைக்கும் அழுக்கில் கிடக்கிறது இன்னொரு பக்கம். 1640-லேயே இங்கிலாந்தை விட்டுத் தப்பி, பாரிஸில் உட்கார்ந்து எழுதின மனுஷர் அவர். எனக்கு இந்த வாசிப்புதான் சரின்னு படுது.

அப்புறம் சொல் மெல்ல மெல்ல மனுஷங்க மேல ஏறுது. 2002-ல் பிரிட்டனின் தெரசா மே, மக்களில் சிலர் நம்மை நாஸ்டி கட்சி என்கிறார்கள் என்று சொந்தக் கட்சி மாநாட்டிலேயே சொன்னார். 2016 அக்டோபர் 19, லாஸ் வேகாஸ் விவாதம். ஹிலாரி கிளின்டன் வரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே டிரம்ப் குறுக்கிட்டு அவரை ‘நாஸ்டி’ பெண் என்றார். ஆதரவாளர்கள் சில நாட்களிலேயே அதை டி-ஷர்ட்டில் அச்சடித்துப் பெருமையாகப் போட்டுக்கொண்டார்கள். எதிர்த்துப் பேசும் ஆணைக் கோபக்காரன்னு சொல்லி முடிச்சுடுவாங்க. பெண்ணுக்கு மட்டும் இந்தச் சொல். 600 வருஷத்து அழுக்கு வாடை அதில் இன்னும் போகலைங்க.

அந்த சீனியரிடம் அப்புறம் கேட்டேன். என் கோடில் இருந்த பக்கைத்தான் சொன்னாராம். எங்க தொழில்ல ‘நாஸ்டி பக்’ன்னா, சுலபத்தில் பிடிபடாம ஆட்டம் காட்டுறது. அதைச் சரிபண்ண மூணு நாள் ஆச்சு.