கன்றும் குருவியும் கற்றுத் தரும் பாடம்



2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் மாட்டியது நினைவிருக்கும். உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டு போனார்கள். சில நாளில் இறந்துவிட்டது. மிருகவதைத் தடைச் சட்டம் நம் நாட்டில் 1907 இலேயே வந்துவிட்டது. ஆனால் கம்பி கட்டும் கையைச் சட்டத்தால் மட்டும் திருத்த முடியவில்லை. அந்தக் கையைச் சின்ன வயதிலேயே பழக்க வேண்டும்.

இதை மிகப் பழைய காலத்திலேயே யோசித்தவர்கள் யூதர்கள். இன்று அந்தப் பெயரைக் கேட்டதும் பலஸ்தீனத்தின் வேதனைதான் நம் மனதில் வரும். அதற்காக ஒரு மரபில் உள்ள நல்லதை மறைப்பது நீதியாகாது.

அவர்களுடைய தோராவில் ஓய்வுநாள் மாட்டுக்கும் கழுதைக்கும் உண்டு. போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டக் கூடாது. கூட்டில் தாய்ப்பறவை இருக்கும்போது அதையும் குஞ்சுகளையும் சேர்த்துப் பிடிக்கக் கூடாது. வளர்க்கும் பிராணிக்குத் தீனி வைத்த பிறகுதான் தான் சாப்பிட வேண்டும் என்கிறது தல்மூத். இவற்றைப் பிள்ளைக்கு விளக்கவே தேவையில்லை, செய்ய வைத்தால் போதும்.

தல்மூதில் ஒரு கதையும் உண்டு. கி.பி. 200 அளவில் மிஷ்னாவைத் தொகுத்த யெஹுதா ஹநாசியிடம், அறுக்கக் கொண்டு போன கன்று ஓடி வந்து அவர் அங்கிக்குள் தலையை ஒளித்து அழுதது. அது படைக்கப்பட்டதே அதற்குத்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவரை நோய் பிடித்தது. 13 வருடம் கழிந்து, வேலைக்காரப் பெண் வீடு கூட்டும்போது கீரி போன்ற பிராணியின் குட்டிகளையும் சேர்த்துத் தள்ளப் போனாள். விட்டுவிடச் சொன்னார். நோய் நீங்கியது.

அறுத்துச் சாப்பிடுவது அவர்களுக்கும் ஆகுமானது, நமக்கும் ஆகுமானது. தவறு அறுத்ததில் இல்லை. பயந்து வந்த உயிருக்கு இரங்காததில்தான் இருந்தது.

நமது ஹதீஸிலும் இதே பாடம் உண்டு. தோழர்கள் ஒரு குருவியின் இரண்டு குஞ்சுகளை எடுத்தார்கள். தாய்க்குருவி சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பி வைக்கச் சொன்னார்கள்.

டயகமவில் நம் பிள்ளைகள் பள்ளிக்கு வரும் வழியில் கூடும் உண்டு, குட்டி போட்ட நாயும் உண்டு. கல்லெடுக்கும் கையில் ஒரு சிரட்டைத் தண்ணீரைக் கொடுத்து வைக்கச் சொல்வோம். சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.